தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயருக்கு



நீங்கள் எங்கள் தஞ்சாவூர் மண்ணில் அடங்கி 220 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இத்தனை காலம் கழித்து எழுதுகிற நான் குருவானவனோ பண்டிதனோ இல்லை. வெண்ணாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவன். சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் ஓர் அங்கத்தினன். உங்களுக்கு நாங்கள் பட்ட கடன்களை ஒருமுறையாவது எண்ணிச் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். அதிகமும் ஆண்பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நேர்மையாக இருந்து ஒருமுறை அடிபட்டதும் ‘இனி நமக்கெதற்கு’ என்று ஒதுங்கிவிடுகிறவர்கள், தோற்றதை வீட்டில்கூட வாய்திறந்து சொல்லாதவர்கள் எங்களில் நிறையப் பேர். அவர்களுக்கு உங்கள் கதை எவ்வளவு பெரிய துணை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐயரே, நீங்கள் எங்களிடம் வந்ததே கைகூடாத ஒரு வேலையின் வழியாகத்தான். 1726இல் பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க்கில் பிறந்து, ஹாலே நகரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சிட உதவுவதற்காகத் தமிழ் கற்றீர்கள். அச்சு வேலை நடக்கவில்லை. கற்ற தமிழ் மிஞ்சியது. அந்தத் தமிழை நம்பி உங்களைக் கப்பலேற்றினார்கள். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தீர்கள்; சில மாதங்களுக்குள் சீகன்பால்கு ஐயர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் நின்று தமிழில் பிரசங்கம் செய்தீர்கள். அதற்குப் பிறகு பிறந்த ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் இந்தத் தண்ணீரையே குடித்தீர்கள்.

ஐயரே, திருச்சிராப்பள்ளியை மறக்கவில்லை. கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பிள்ளைகள் அநாதைகளானபோது அவர்களைச் சேர்த்துப் படிக்கவைத்தீர்கள். கிறிஸ்து நாதர் ஆலயத்தை எழுப்பினீர்கள். பட்டாளத்துக்குக் குருவாக இருந்ததற்குக் கிழக்கிந்தியக் கும்பினியார் கொடுத்த சம்பளத்தில் பாதியைச் சபைக்கே ஒதுக்கினீர்கள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. அக்காலத்தில் கும்பினி உத்தியோகம் பார்க்க வந்தவர்களில் பலர் என்ன சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு உங்கள் வெறுங்கையின் மதிப்பு தெரியும்.

ஐயரே, 1779ஐப் பற்றிப் பேசலாமா? உங்களுக்கு வலிக்கிற இடம் அது என்று நினைக்கிறேன். மைசூரை ஆண்ட ஹைதர் அலி கும்பினியாரின் தூதர்களை நம்பவில்லை. இந்தக் கிறிஸ்தவர் பொய் சொல்லமாட்டார், இவரை அனுப்புங்கள் என்று உங்களைத்தான் கேட்டார். சென்னை கவர்னர் கேட்டுக்கொண்டபடி, சமாதானத்துக்காக என்று நம்பி, ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனீர்கள். வழியெல்லாம் பிரசங்கித்துக்கொண்டே போனீர்கள். ஹைதர் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். ஆங்கிலேயர் மீறிய வாக்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நீங்கள் கொண்டுபோன சமாதான வார்த்தைக்குப் பின்னால் சென்னையில் இருந்தவர்களிடம் உண்மை இல்லை. மறு ஆண்டே யுத்தம் மூண்டது. ஹைதரின் குதிரைப்படை இந்தக் காவிரி நாட்டைச் சுட்டுக் கரியாக்கியது.

ஐயரே, உங்கள் வாயில் ஒரு சொல்லை வைத்து அனுப்பிவிட்டு, அனுப்பியவர்களே அதை உடைத்தார்கள். நானாக இருந்தால் அந்த வெட்கத்தோடு கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன். ஹைதரோ உங்களைக் குற்றம் சொல்லவில்லை. இந்தப் பாதிரியாரை யாரும் தொடக்கூடாது, போகிற இடத்துக்குப் போகவிடுங்கள் என்று தன் படைக்கு உத்தரவிட்டார். எதிரிகளின் பாளையங்களுக்கு நடுவே நீங்கள் போய்வந்தீர்கள். 1783இல் ஹைதரின் மகன் திப்புவிடம் தூது போக வேண்டும் என்று மறுபடியும் கேட்டபோது ‘ஒருமுறை பட்டது போதும்’ என்று நீங்கள் சொல்லவில்லை, புறப்பட்டீர்கள். சத்தியமங்கலத்தோடு தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்து பழையபடி வேலையைப் பார்த்தீர்கள்.

ஐயரே, இந்தச் சத்தியமங்கலத்துக்காக உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் ஐக்கியத்தில் குடியை விட்ட ஒருவர் இருக்கிறார். நல்ல உழைப்பாளி. உறவுக்காரர் கலியாணத்தில் மறுபடியும் குடித்துவிட்டார். அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் வீட்டுக்குப் போனோம். புத்திமதி சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று தெரியும். அதனால் உங்கள் கதையைச் சொன்னேன்: ஸ்ரீரங்கப்பட்டணம், சண்டை, பிறகு சத்தியமங்கலம். ‘திருப்பி அனுப்பின பிறகு அவர் என்ன செய்தார்?’ என்று கேட்டார். ‘ஊருக்கு வந்து மறுபடியும் வேலையைப் பார்த்தார்’ என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நீதிமொழிகள் 24ஆம் அதிகாரத்தில் திரும்பத் திரும்ப விழுந்தும் எழுந்துவிடுகிற நீதிமானைப் பற்றி அவரிடம் நாங்கள் பல தடவை பேசியிருக்கிறோம். ஆனால் அந்த நீதிமானுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அந்த முகத்தை நீங்கள் கொடுத்தீர்கள்.

ஐயரே, எங்கள் வயிற்றுக்குப் பட்ட கடனுக்கு வருகிறேன். யுத்தத்தின்போது தஞ்சைக் கோட்டைக்குள் சிப்பாயும் ஜனங்களும் பட்டினி. தெருவில் பிணம். வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடு இல்லை. மாடு இல்லாமல் இல்லை, மாட்டுக்காரர்கள் கொடுக்கவில்லை. முன்பு வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் விரட்டியவர்களை அவர்கள் எப்படி நம்புவார்கள்? அரசர் சொன்னார், மந்திரிகள் சொன்னார்கள், ஒரு மாடும் வரவில்லை. கடைசியில் உங்களிடம் வந்தார்கள். கூலியை நானே என் கையால் கொடுப்பேன் என்று நீங்கள் ஜனங்களுக்கு எழுதினீர்கள். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. உங்கள் உபதேசியார் ஒருவரும் மற்றக் கிறிஸ்தவர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாட்டுப்புறம் போய் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நீங்கள் அத்தனை பேருக்கும் கூலியை எண்ணிக் கொடுத்தீர்கள்.

ஐயரே, 80,000 கலம் என்றால் என்ன என்பது நெல் அளந்த கைகளுக்குத் தெரியும். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். அளந்து அளந்து தோள் விட்டுப்போகும். அந்த நெல்லைப் பொங்கித் தின்று பிழைத்த வயிறுகளில் எங்கள் முன்னோர் வயிறும் இருந்திருக்கலாம். ஒரு மனிதன் அதற்கு முன் முப்பது ஆண்டு பொய் பேசாமல் இருந்ததால் அந்த நெல் வந்தது. நேர்மையால் என்ன லாபம் என்று கேட்கிற பையன்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். அது உங்களுக்கு ஒரு காசும் தரவில்லை. ஊருக்குச் சோறு தந்தது.

ஐயரே, இதைவிட எனக்கு நெருக்கமான கதை இன்னொன்று இருக்கிறது. தஞ்சையை ஆண்ட துளஜா மன்னரின் கடைசி ஆண்டுகளில், விளைந்ததில் பெரும்பங்கை அதிகாரிகள் வாரிக்கொண்டு போனதால் குடியானவர்கள் வயலைப் போட்டுவிட்டு ஊரைக் காலிசெய்தார்கள். ஆயிரம் ஆயிரமாகப் போனார்கள். வாய்க்கால் தூர்ந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடியும் நாற்றங்கால் விட ஆள் இல்லை. திரும்பி வாருங்கள், இனி அநியாயம் நடக்காது என்று அரசாங்கம் சொல்லிப் பார்த்தது. யாரும் அசையவில்லை. நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். பருவம் கைநழுவிக்கொண்டிருந்தது. எப்படியாவது பாடுபட்டு நட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டீர்கள். எங்களுக்கு நீங்கள் செய்த நன்மைக்காக ராப்பகலாக வேலை செய்வோம், உங்களைத் தலைகுனிய விடமாட்டோம் என்கிற பொருளில் அவர்கள் பதில் சொன்னார்கள். அந்த ஆண்டு விளைச்சல் முந்தைய ஆண்டைவிட நன்றாக வந்ததாக நீங்களே எழுதிவைத்தீர்கள்.

ஐயரே, பருவம் தவறிய வயலில் இறங்குவது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். உங்கள் காலத்தில் மேட்டூர் அணை கிடையாது. இப்போது ஜூன் 12இல் அதைத் திறப்பது வழக்கம். 2012 தொடங்கி எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை. குறுவை போயிற்று. சம்பாவுக்கு வந்த தண்ணீரை நம்பிக் கடன்வாங்கி நட்டவர்கள், கதிர் முற்றும் நேரத்தில் பெய்த மழையில் வயல் மூழ்குவதை வரப்பில் நின்று பார்த்தோம். நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இருந்தவர்கள் மறுபடியும் விதை வாங்கினோம். அந்த ஏழாயிரம் பேரும் தாமதமாகத்தான் வந்தார்கள், தாமதமாகத்தான் நட்டார்கள் என்பதை எங்கள் போதகர் ஒரு அறுப்புப் பண்டிகையில் சொன்னபோது, ஆண்கள் பக்கத்தில் யாரோ சத்தமாக ‘ஆமென்’ என்றார். எங்கள் சபையில் அப்படி யாரும் சத்தம் போடுகிற வழக்கம் இல்லை.

ஐயரே, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து நீங்கள் புறப்பட்டபோது ஹைதர் உங்களுக்கு வழிச்செலவுக்கென்று 300 ரூபாய்ப் பை ஒன்றைக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தீர்கள். வாங்காவிட்டால் அவமரியாதை என்றார்கள். வாங்கிவந்து சென்னையில் அதிகாரிகளிடம் ஒப்படைத்தீர்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னதும், தஞ்சாவூரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி வைக்க அதை முதலாக்கினீர்கள். எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்பட்ட கதை இது. சொன்னவர் என் சித்தப்பா.

ஐயரே, சித்தப்பாவைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அவர் ஓரிடத்தில் கணக்கெழுதினார். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். எடையில் இல்லாததை இருப்பதாக எழுதி ஒப்பமிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். மனைவி பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுத் தூரத்தில் ஓர் ஊருக்குப் போகவேண்டியதாயிற்று. அங்கேயும் அதே பேச்சு வந்தது. அங்கேயும் மாட்டேன் என்றார். கூடச் சேர்ந்தவர்கள் மேலே போனார்கள். அவர் சேர்ந்த நாற்காலியிலேயே இருந்து ஓய்வு பெற்றார். கடைசியில் நியாயம் கிடைத்தது என்று எழுத எனக்கு ஆசைதான். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் நாட்களில், மாலையில் கைகால் கழுவிவிட்டு, விளக்குக்கு முன்னால் குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்தால் குரல் நடுங்காமல் ஜெபிப்பார். அந்தக் குரலைத்தான் அவர் பிள்ளைகளுக்கு விட்டுப்போனார். சம்பளக் கவரை மேசையில் வைக்கும்போது, ‘சுவார்ட்ஸ் ஐயர் பையில் இருந்த மாதிரிப் பணம்’ என்பார். சின்ன வயதில் எங்களுக்கு அது விளங்கவில்லை.

ஐயரே, இனி சரபோஜி. 1787இல் துளஜா மன்னர் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பையனைத் தத்தெடுத்து, இவன் இனி உங்கள் பிள்ளை என்று சொல்லி உங்களிடம் ஒப்படைத்தார். இவ்வளவு பெரிய பொறுப்பை என்னால் சுமக்க முடியாது, பையன் வளரும்வரை உங்கள் தம்பி அமர்சிங் பார்த்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்ன யோசனை. அது கெட்டுப்போயிற்று. தத்து செல்லாது என்று பண்டிதர்களைச் சொல்லவைத்து அமர்சிங்கே அரியணை ஏறினார். பையனை வெளிச்சமில்லாமல் அடைத்துவைத்தார்கள். படிப்பும் இல்லை.

ஐயரே, எங்களில் பலர் உடைகிற இடம் இதுதான். தீமை செய்து கெட்டால் மனந்திரும்பலாம். நல்லது நினைத்துச் செய்தது பிறர் தலையில் இடியாக விழுந்தால் என்ன செய்வது? மகனை நம்பி நிலத்தை எழுதிக்கொடுத்த தகப்பன், தம்பிக்கு ஜாமீன் நின்ற அண்ணன், இவர்களெல்லாம் ஐக்கியத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அவர்களுக்கு நான் நிதானமாகச் சொல்வதுண்டு. பையனைப் போய்ப் பார்த்தீர்கள். அவனை நல்லபடியாக வைக்கச் சொல்லிப் போராடினீர்கள். படிப்புக்கு ஏற்பாடு செய்தீர்கள். 1793இல் சென்னைக்கு அனுப்பி, அங்கே இருந்த உங்கள் சக மிஷனெரி கெரிக்கே ஐயரின் பார்வையில் வளரவிட்டீர்கள். தத்து செல்லும் என்று கும்பினியாருக்கு எழுதினீர்கள், மறுபடியும் எழுதினீர்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் போயிற்று. கால் புண்ணாகி நடக்க முடியாமல் போனது. 1798 பிப்ரவரி 13 அன்று இறந்தீர்கள்.

ஐயரே, அதே ஆண்டு ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார்! நாலே மாதம் நீங்கள் இருந்திருக்கக்கூடாதா என்று சிறுவயதில் எனக்குக் கோபமாக வரும். இப்போது வருவதில்லை. பலனைப் பார்க்காமலே நீங்கள் அதற்குரிய அத்தனை கடிதங்களையும் எழுதி முடித்திருந்தீர்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்துக்கு அவர் தேடிச் சேர்த்த சுவடிகளையும் நூல்களையும் பார்க்கும்போதெல்லாம், அடைபட்டுக் கிடந்த பையனுக்குப் படிப்புக் கேட்டு நின்ற கிழவர் நினைவுக்கு வருகிறார். சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. நீங்களும் அவரை வற்புறுத்தவில்லை. ஆனாலும் உங்கள் உடலைப் பார்த்து அவர் அழுதார். உங்கள் கல்லறைக்கு அவரே ஆங்கிலத்தில் வரிகள் எழுதினார். ஜான் பிளாக்ஸ்மேன் என்ற சிற்பியைக் கொண்டு இங்கிலாந்தில் பளிங்குச் சிற்பம் செய்வித்து, சிவகங்கைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நீங்கள் 1779இல் எழுப்பிய ஆலயத்தில் வைக்கச் செய்தார். அதில் நீங்கள் படுக்கையில் கிடக்கிறீர்கள். சரபோஜி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கெரிக்கே ஐயர் பக்கத்தில் நிற்கிறார். எங்கள் ஊர்ப் பையன்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன்.

ஐயரே, உங்களிடம் ஒளிக்க மனமில்லாத ஒன்றும் உண்டு. உங்கள் காலத்துத் தஞ்சைச் சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். பலவந்தம் செய்யாமல் விட்டால் காலப்போக்கில் அது கரைந்துவிடும் என்று நினைத்தீர்கள். கரையவில்லை. உங்களுக்குப் பின் வந்தவர்களும் அதோடு மல்லுக்கட்டினார்கள். கலியாணப் பேச்சு என்று வந்தால் இன்றும் எங்கள் வீடுகளில் அது தலைநீட்டுகிறது. எங்கள் ஐக்கியத்தில் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் எடுத்துச் சாப்பிடுகிறோம். அதற்கு மேலும் போக வேண்டும். அது எங்கள் பங்கு வேலை, உங்கள் மேல் சுமத்தமாட்டேன்.

ஐயரே, இந்த மாதக் கூட்டத்தில் உங்கள் 80,000 கலம் நெல்லின் கதையை வாசிக்கப்போகிறோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் என்று சொன்னேனே, அவர்தான் வாசிக்கிறார். நேற்று இரவு தொலைபேசியில் கூப்பிட்டு, மாட்டுக்காரர்களுக்குக் கூலி கொடுத்த இடத்தை இரண்டு தடவை வாசிக்கலாமா என்று கேட்டார். வாசியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் சித்தப்பா மகன் நிலத்து நெல்லில் பொங்கிய சோறு. சம்பா இந்த முறை தப்பிவிட்டது.

உங்கள் கடனாளி,
வெண்ணாற்றங்கரை விவசாயி ஒருவன்